ஆகாரத்துக்குக் குறைவில்லை

1

நேற்று மத்தியானம் மாரிமுத்துவும் அவன் பெண்சாதியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மாரிமுத்து எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். ரப்பர் மரத்திலிருந்து வடிவதை மலாயாவில் நாங்கள் எல்லோரும் பால் என்றுதான் சொல்கிறோம். வெட்டுகிறவர்கள் வாளியில் கொண்டுவரும் அந்தப் பாலை நிறுத்து வாங்குகிற ஸ்டோரில் எனக்கு வேலை.

"அண்ணே, பையனுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு. எப்பச் சோறு காட்டலாம்? லயத்து வீடுங்கள்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான் மாரிமுத்து.

பெண்களிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் இந்தத் தோட்டத்தில் இந்தக் கேள்வியோடு என்னிடம்தான் வருவார்கள். வழக்கமாகிவிட்டது. குழந்தையை மடியில் வாங்கி உட்காரவைத்துப் பார்த்தேன். கழுத்து நின்றுவிட்டதா, நாம் வாயில் எதையாவது போட்டால் நம் கையையே பார்க்கிறானா, உதட்டில் தொட்டதை நாக்கால் வெளியே தள்ளுகிறானா என்று பார்த்தேன். இன்னும் தள்ளினான்.

"பதினைஞ்சு நாள் போகட்டும். அப்புறம் ராகிப்பால். காலையில் கொடுங்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரிந்துவிடும்" என்றேன்.

அந்தப் பெண் கூச்சத்தோடு கேட்டாள்: "இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தா?"

"என் அக்கா. கடுதாசியில்."

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் போனபிறகு எனக்கு ஸ்டோருக்குத் திரும்பிப் போகக் கால் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்து நேற்றோடு சரியாக ஒரு வருஷம் ஆகிறது. அங்கே இருக்கிறவர்கள் இதைப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவனுக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத இருப்பது ஒரு குழந்தையின் வாயில் போன சில கரண்டிகளைப் பற்றித்தான்.

2

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் வெண்ணந்தூர் எங்கள் ஊர். தறிக்காரர்கள். விடிகிற நேரத்தில் தெருநெடுக நெசவு நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் கஞ்சியின் புளித்த வாசனைதான் எனக்குக் காலை நேரத்தின் வாசனை. இங்கே வந்து பதினான்கு வருஷமாகியும், விழிப்புத் தட்டியவுடன் மூக்கு அதைத் தேடிவிட்டுத்தான் ஓய்கிறது.

முதலில் தனியாக வந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போய்ப் பாவாயியைக் கட்டிக் கூட்டிவந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சரசு பிறந்தாள். சரசுவுக்கு ஐந்து மாதம் நடக்கும்போது பாவாயிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் வேகத்தில், "பாவு காஞ்சிருச்சுங்களா, மழை வர்றாப்பல இருக்குது" என்று என்னைக் கேட்டாள். நான்காம் நாள் போய்விட்டாள். இதற்குமேல் அதைப்பற்றி எழுத என்னால் ஆகாது.

அன்றுமுதல் சரசுவுக்கு டின் பால். வெந்நீரில் கரைத்து வெள்ளைத்துணியை நனைத்துச் சப்பக் கொடுப்பேன். வேலை நேரத்தில் அவளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவேன். வேலைக்குப் போகிற தாய்மார்களின் குழந்தைகளுக்காகத் தோட்டத்தில் கட்டிய கொட்டகை அது. வரிசையாகத் தூளிகள் தொங்கும். மற்றக் குழந்தைகளின் தாய்மார்கள் நடுவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் குழந்தையின் தூளிக்கு நான் போய் நிற்பேன்.

டின் பால் ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு போய்க்கொண்டே இருந்தது. தொடைச் சதை தொங்கிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா வந்து குழந்தைகளை நிறுப்பார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு அட்டை உண்டு. சரசுவை நிறுத்துவிட்டு அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸரிடம் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். டிரஸர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வர்ற மாசம் எடை ஏறாவிட்டால் பட்டணத்தில் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். பெண்துணை இல்லாத வீட்டில் இந்தக் குழந்தை தங்காது என்கிறார்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

அவர் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "டின் பால் மட்டும் போதாதாம். கெட்டி ஆகாரம் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது."

கெட்டி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டுக்குப் போய் அரிசியைக் குழைய வடித்து, நன்றாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி அவள் வாயில் வைத்தேன். அது தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. குழந்தையின் முகம் நீலமாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் கொட்டகை ஆயா ஓடிவந்து, குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் நாலு அறை அறைந்தாள். உருண்டை வெளியே விழுந்தது.

"ஏன்யா, பல்லு மொளைக்காத புள்ளைக்குக் கவளமா? ஊர்ல பொம்பளைங்க யாரும் இல்லியா உனக்கு?" என்று கத்தினாள்.

இருந்தாள். அன்றைக்கே உட்கார்ந்து என் அக்கா நல்லம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

3

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. சரசு பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் அவளுக்கு முருகேசன் பிறந்திருந்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் அவள் சொல்லச்சொல்ல எழுதுவார். அப்போது அவர் கல்யாணமாகாத இளவயசுக்காரர். நெற்றி நிறைய விபூதி, தெருவில் பெண்கள் எதிரே வந்தால் மண்ணைப் பார்த்து நடப்பார். எழுத்து மணிமணியாக இருக்கும்.

கடிதம் நாகப்பட்டினத்துக் கப்பலில் போய்ப் பதில் வர ஒரு மாதம் பிடிக்கும். பதில் வந்தது. அதை இன்றைக்கும் ஒரு எழுத்துத் தவறாமல் சொல்வேன்.

"சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். தங்கள் இல்லத்தில் நேரிட்ட துக்கம் அறிந்து ஆற்றொணாத் துயர் உற்றோம். குழந்தையை யாதொரு தாமதமும் இன்றி இவ்விடம் கொணர்ந்து சேர்ப்பிக்கவும். இவ்விடம் ஆகாரத்துக்குக் குறைவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. என் துக்கத்தில் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிற சமயம் அது. ஆகாரத்துக்குக் குறைவில்லையாமே! நாங்கள் வளர்ந்த வீட்டில் நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் ராகியும் சோளமும். இங்கே நான் தினமும் அரிசிச் சோறு தின்கிறேன். என் பிள்ளைக்கு ஆகாரம் இல்லை என்று இவளிடம் நான் சொன்னேனா? எப்படிக் கொடுப்பது என்றுதானே கேட்டேன்?

இன்னொன்றும் இருந்தது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கு இலவசக் கப்பல் என்றார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி என்னை இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார். ஒரு அச்சடித்த பாரத்தில் கைநாட்டோ கையெழுத்தோ போட்டால் போதும். எனக்கு மனம் வரவில்லை. சின்னக் குழந்தை கப்பலில் தாங்காது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. பாவாயி இல்லாமல் அந்தத் தெருவில் போய் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. சரசுவையும் கொடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

அக்காவுக்குச் சுருக்கமாகப் பதில் எழுதினேன்: "இங்கேயும் ஆகாரத்துக்குக் குறைவில்லை. குழந்தையை அனுப்புவதாக இல்லை. எப்படி ஊட்டுவது என்பதை மட்டும் எழுதவும்."

4

அக்காவின் முதல் கடிதத்துக்காகக் காத்திருந்த அந்த மாதத்துக்குள்ளேயே எடை ஏறியாக வேண்டும். தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை, அதற்கு அந்தப் பக்கம் கம்பம் என்று சொல்கிற மலாய்க்காரர்களின் கிராமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் உட்கார்ந்து சரசுவின் வாயில் கஞ்சித்தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் துப்பினாள். நான் ஊற்றினேன். அவள் மறுபடி துப்பினாள். இருவரும் அழுகிற நிலைமையில் இருந்தோம்.

ஒரு மலாய்ப் பெண் தலையில் வாழைப்பழக் கூடையோடு வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினாள். என்னிடம் ஏதோ சொன்னாள். பழம் வாங்கச் சொல்கிறாள் என்று நினைத்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைக் கேட்காமலேயே குழந்தையை வாங்கி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். ஒரு பழத்தை உரித்து, அதன் நடுவை என் கரண்டியின் முனையால் சுரண்டி, தன் விரல் நுனியில் ஒரு கடுகளவு எடுத்துச் சரசுவின் உதட்டில் தடவினாள். பிறகு சும்மா இருந்தாள். குழந்தை நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தது. முகத்தைச் சுளித்தது. இன்னொரு தடவை நாக்கை நீட்டியது. அவள் இன்னொரு கடுகளவு வைத்தாள்.

"சிக்கிட்-சிக்கிட்" என்றாள் என்னைப் பார்த்து. கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கற்றேன்.

அவள் பெயர் மினா. ஐந்து பிள்ளை பெற்றவள். நான் அவளை மாக் மினா என்று கூப்பிட ஆரம்பித்தேன். மாக் என்றால் அம்மா. தினமும் வேலை முடிந்ததும் ஓடையைத் தாண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவேன். அரிசியை உடைத்துக் குழையக் காய்ச்சி வைத்திருப்பாள். அவள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுவார்கள். அதைப் பார்த்துச் சரசுவும் திறப்பாள்.

அடுத்த மாதம் நர்ஸம்மா நிறுத்தபோது முள் கொஞ்சம்தான் ஏறியது. ஆனால் ஏறியது. என்ன கொடுத்தாய் என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது. "பீசாங், புபூர்" என்றேன். வாழைப்பழம், கஞ்சி என்பதற்கு மலாய் வார்த்தைகள். அவர் சிரித்து அட்டையில் எழுதிக்கொண்டார். இல்லத்தைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை.

என் மகளின் வாயில் முதல் ஆகாரம் வைக்கவேண்டியவர்கள் ஊரில் இருந்தார்கள். பாவாயியின் அண்ணன் இருந்தார். கோயிலில் வைத்துத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஊட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில் ஓடைக்கரையில், பெயர் தெரியாத ஒருத்தியின் விரலில் அது நடந்தது. அன்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போது அழுதேன்.

5

அக்காவின் இரண்டாவது கடிதம் வந்தபோது சரசுவுக்கு ஏழு மாதம் தாண்டிவிட்டது. அதில் ஆசீர்வாதம் இல்லை, க்ஷேமம் இல்லை. வாத்தியாரின் அலங்காரம் ஒன்றும் இல்லை. அக்கா வாயிலிருந்து வந்ததை அப்படியே இறக்கியிருந்தார்.

"புள்ளைய அங்கியே வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டே. செரி. அப்ப இதக் கேட்டுக்க. ராகியக் கல்லு மண்ணு இல்லாமப் பொடச்சு ஊற வெய்யி. ஆட்டிப்போட்டு வெள்ளத் துணியில புழிஞ்சு பால் எடு. ரெண்டு தடவதான். மூணாந்தடவ வர்றது வெறுந்தண்ணி. பாலத் தெளிய வெச்சு மேல நிக்கறதக் கொட்டு. அடியில நிக்கறதக் கை விடாமக் கிண்டிக் காச்சு. மொத நாளு ஒரு கரண்டி. மறுநாளு ரெண்டு. வாயத் தொறந்தாக் குடு, மூடுனா உட்டுடு. அழுத்தி ஊத்தாத. அது புள்ள, பாவுக்குக் கஞ்சி போடறாப்பல போடாத."

அதன்பின் மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எல்லாமே ஊட்டுவதைப் பற்றித்தான். பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணி எப்போது, நெய் எப்போது, பல் வரும்போது வயிறு போனால் என்ன. எப்போதும் ஒரு மாதம் பிந்தியே வரும். பருப்புத் தண்ணி கொடு என்று கடிதம் வருகிறபோது சரசு மாக் மினா வீட்டில் பருப்பையே பிசைந்து தின்றுகொண்டிருப்பாள். நெல்லுச் சோறு இப்போது வேண்டாம் என்று வருகிறபோது தின்று முடித்திருப்பாள். ஆனாலும் நான் ஒவ்வொரு கடிதத்தையும் வந்த அன்றே ஒரு தடவையாவது செய்து கொடுத்தேன். அக்கா சொன்னது ஒன்றும் வீணாகப் போகக் கூடாது என்று இருந்தது.

ஒரு தடவை அக்கா ஒரு பார்சல் அனுப்பினாள். தபால் ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. பட்டணத்துக்குப் போனேன். அங்கே இந்த ஜன்னலுக்குப் போ என்றார்கள், அந்த ஜன்னலில் வேறு ஜன்னலைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு உத்தியோகஸ்தர் பார்சலை மேஜைமேல் வைத்துப் பிரிக்கச் சொன்னார். உள்ளே தறியில் நெய்த ஒரு முழத் துணி. அதில் மூட்டை கட்டிய பழுப்பு மாவு. ராகிப்பாலை எடுத்து வெயிலில் காயவைத்து இடித்த மாவு.

"இது என்ன பொடி?" என்று கேட்டார்.

"குழந்தைக்குக் கொடுக்கிற மாவு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மருந்தா, போதைப்பொருளா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்து, "தின்று காட்டு" என்று கையால் சைகை காட்டினார்.

ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மண் வாசனையும் வெயில் வாசனையும் நாக்கில் ஒட்டிக்கொண்டன. பத்துப்பேர் வரிசையில் நின்ற இடத்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உத்தியோகஸ்தர் பயந்துபோய், "கசக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

6

சரசு வளர்ந்தாள். சோற்றுக்கு நாசி என்பாள், தண்ணீருக்கு ஆயர் என்பாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அ, ஆ நன்றாக எழுதுவாள். ஆனால் விளையாட்டும் சண்டையும் மலாயில்தான். அம்மா எங்கே என்று ஒருதரம் கேட்டாள். சொன்னேன். மறுபடி கேட்கவில்லை. கருவாடு போட்ட மிளகாய்ச் சம்பல் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு எட்டு வயதானபோது தோட்டத்தில் எனக்கு லீவு கிடைத்தது. கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

வெண்ணந்தூர்த் தெருவில் இறங்கியபோது அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. சரசுவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தாள். சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல் எல்லாம் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் வளத்திருக்கற" என்று என்னிடம் சொன்னாள்.

அன்று களி கிண்டியிருந்தாள். சரசு ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வந்தது. மெல்லாமல் விழுங்கத் தெரியவில்லை. அவளுக்கு இரண்டு மாதம் மூத்த முருகேசன் கைதட்டிச் சிரித்தான்: "மாமா, இவ களியப் போய் மெல்றா!" அவன் ஒல்லியாக, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு இருந்தான்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ராமாயி வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சரசுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இவளுக்காவத்தானுங்க உங்கக்கா மூணு வருசம் முருகேசனுக்குப் பால் மறக்க வெக்கல. எந்தக் கப்பல்ல வாரானோ, வந்தாப் புள்ளைக்குக் குடுக்கோணும்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். பையனுக்குச் சோறுகூட அர வயித்துக்குத்தான். வயிறு நெறஞ்சா மாருக்கு வரமாட்டான், பால் வத்திப் போயிரும்னு. நாங்கெல்லாம் சிரிப்போம். கேக்காது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. உள்ளே போனேன். அக்கா அடுப்பில் களிக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ராமாயி என்னமோ சொல்றாளே, நெசமா?"

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "இப்ப எதுக்கு அது? நான் கேட்டேன், நீ மாட்டேன்னுட்ட. முடிஞ்சுபோச்சு."

"என்ன கேட்ட?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன கேட்டனா? ரெண்டு புள்ளைக்கும் என்கிட்டப் பால் இருக்குது, கொண்டாந்து என்ற மடியில போடுன்னு சொல்லி எழுதச் சொன்னனே. வாத்தியார்கிட்ட வாயத் தொறந்து சொன்னேன். அவுரு தலையக் குனிஞ்சுக்கிட்டே எழுதுனாரு. நீ, இங்கயும் ஒண்ணும் கொறவில்லேன்னு மூஞ்சில அடிச்சாப்பல பதில் போட்ட."

"அப்படி எழுதலக்கா. ஆகாரத்துக்குக் குறைவில்லைன்னுதான் இருந்துச்சு."

"அப்பிடின்னா?"

"சோறு தண்ணிக்குக் கொறச்சல் இல்லைன்னு."

துடுப்பு நின்றது. பானையில் களி கொதித்துப் புட்டுப்புட்டென்று வெடித்தது. அக்கா என்னையே பார்த்தாள். பிறகு, "அட, வெக்கப்பட்டுட்டாரா அந்த மனுசன்!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குக் களி அடிப்பிடித்துப்போனது.

வாத்தியார் இப்போது வாழப்பாடிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாராம். அவருக்கும் நாலு குழந்தைகளாம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வார்த்தையை எழுத அவர் பேனாவால் முடியவில்லை. அதைப் புரிந்துகொள்ள என் கோபத்தாலும் முடியவில்லை.

சாயங்காலம் அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. அவுரு ஒழுங்கா எழுதியிருந்தாப் புள்ளையக் கொண்டாந்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் மனம் ஆறும்.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "புள்ள போயிருந்தா உன்ற மூஞ்சில முழிச்சிருக்கவே மாட்டேன்" என்றாள். பிறகு எழுந்து போய் முருகேசனுக்கும் சரசுவுக்கும் ஒரே தட்டில் சோறு போட்டாள்.

7

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நானாகவே அக்காவிடம் சொன்னேன். எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் இல்லை. நின்ற இடத்தில் வாயில் வந்தவை.

"வேணும்னாச் சரசு இங்கியே இருக்கட்டுங்க்கா. உன்கிட்டயே வளரட்டும்."

அக்கா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பக் கேட்டேன். அப்ப அவ பால் குடிக்கிற புள்ள, என்கிட்டப் பால் இருந்துச்சு. இப்ப எதுக்கு சாமி? அவளுக்கு இங்க ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடம் அங்க இருக்குது. அந்த மினாவோ யாரோ, அவ இருக்கறா. நீ இருக்கற. கூட்டிக்கிட்டுப் போ."

"உனக்கு ஆசையா இல்லியா?"

"ஆசைக்கென்ன" என்றாள்.

கிளம்புகிற அன்று காலை ராசிபுரத்தில் சேலம் பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். முருகேசன் எங்கள் மூட்டையைத் தூக்கித் தருவேன் என்று அடம்பிடித்துத் தூக்கமுடியாமல் வைத்தான். பஸ் வர நேரமாகும் என்றார்கள். அக்கா புளியமரத்து நிழலில் உட்கார்ந்து இடுப்பிலிருந்த தூக்கைத் திறந்தாள். நெல்லுச் சோற்றில் தயிர் பிசைந்து எடுத்து வந்திருந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சரசு வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாள். அது அக்காவுக்கும் தெரியும்.

சரசுவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வாய் எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினாள். சரசு சுற்றிலும் பார்த்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு ஊட்டினால் வெட்கம் வராதா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கெஞ்யாங், அத்தை" என்றாள்.

வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று அர்த்தம். அவசரத்தில் அவளுக்கு மலாய்தான் வந்தது.

அக்காவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றா?"

சரசுவும் என்னைப் பார்த்தாள்.

"பசிக்குதாம். நீயே ஊட்டோணுமாம்" என்றேன்.

அக்காவின் முகம் விரிந்தது. "அதுக்கென்ன கண்ணு, வா" என்று இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். சரசு என் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு நிமிஷம் இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியும். நான் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. பிறகு அத்தையின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

பஸ் வரும்வரைக்கும், தூக்கு காலியாகும்வரைக்கும், ஒவ்வொரு வாயையும் விழுங்கிவிட்டு மறுபடி திறந்துகொண்டே இருந்தாள்.